பல்லைப் பிடித்துப் பார்த்தல்

என் பற்களின் அச்சு ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. வெள்ளைச் சாந்தில் வார்த்தது. திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டின்மேல் உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. பார்க்க வருகிறவர்கள் அதைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னுடையது என்று சொன்னதும் சட்டென்று கீழே வைத்துவிடுகிறார்கள்.

போன மார்கழியில் நான் கவிதை வாசித்ததை யாரோ கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்தபோது கவிதை என் காதில் ஏறவே இல்லை. வாய் திறக்கும்போதெல்லாம் மஞ்சள்தான் தெரிந்தது. இருபத்தைந்து வருடக் காப்பியின் மஞ்சள். பெண்ணுடல் பற்றி வகுப்பெடுக்கிறவள், கருத்தரங்குகளில் கட்டுரை வாசிக்கிறவள், அடுத்த வாரமே பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்து கிடந்தேன். இதை மறைத்துவிட்டு மேற்கொண்டு எழுதினால் நான் எழுதப்போவதை யாரும் நம்ப வேண்டியதில்லை.

மருத்துவர் ஒரு பட்டையை எடுத்தார். அதில் விசிறிபோல அடுக்கிய பீங்கான் பற்கள். ஏ1 தொடங்கி டி4 வரை 16 நிறங்கள். ரவிக்கைத் துணிக்கு மேட்ச் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக என் பல்லோடு ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "ஏ மூன்றரை" என்றார். விட்டா என்ற ஜெர்மன் நிறுவனம் உருவாக்கிய நிறப்பட்டை அது. மனித வாயில் காணக்கூடிய நிறங்களை வைத்துத்தான் முதலில் அதைச் செய்தார்கள். பல்லை வெளுக்கும் சந்தை பெருத்த பிறகு, ஏ1ஐ விடவும் வெளுத்த நிறங்களைத் தனியாகச் செய்து விற்க வேண்டிவந்தது. அவற்றுக்கு 'ப்ளீச்' நிறங்கள் என்று பெயர். பிறவிப் பல்லில் அவற்றைத் தேடினால் கிடைப்பது அரிது. பல்லின் மேலுறையான எனாமல் ஒளியைப் பாதி உள்ளே விடும் பொருள். அதற்கடியில் இருக்கும் டென்டின் மஞ்சள். வயதாக ஆக மேலுறை தேயும், அடியில் உள்ள மஞ்சள் மேலே தெரியும். என் பல்லில் இருந்தது காப்பி பாதி, வயது பாதி.

இரண்டு வழி உண்டு என்றார். நாற்காலியிலேயே முடிப்பது ஒன்று. ஈறுகளை ஒரு பசையால் மூடிவிட்டு, 25 முதல் 40 சதவீதம்வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள களிம்பைப் பல்லில் பூசி, கழுவி, மறுபடி பூசுவார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெராக்சைடு எனாமலுக்குள் ஊடுருவி நிறமுள்ள மூலக்கூறுகளை உடைக்கிறது. மேலே ஒரு நீல விளக்கை வைப்பதும் உண்டு. அந்த விளக்கால் பெரிய லாபம் இல்லை என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. இன்னொரு வழி, வாயை அச்செடுத்து, பல்வரிசைக்குப் பொருந்தும் மெல்லிய பிளாஸ்டிக் உறை செய்து, அதில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு விட்டு இரவில் மாட்டிக்கொண்டு தூங்குவது. இரண்டு வாரம் ஆகும். 10 சதவீதம் என்றாலும் அதிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றரை சதவீத அளவுதான். 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். எந்த வழியில் போனாலும் முடிவில் வெளுப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அவசரத்துக்குத்தான் கூடுதல் காசு. எந்த வழியில் போனாலும் பல் கூசும். அடைத்த பல்லும் உறை போட்ட பல்லும் வெளுக்காது. வெளுத்ததும் நிலைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம்வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பொருளை மருத்துவர் வழியாக மட்டுமே தர வேண்டும், 18 வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று 2012 முதல் விதி இருக்கிறது. நம் ஊரில் இணையத்தில் தட்டினால் மறுநாள் வாசலுக்கே வந்துவிடுகிறது.

நான் உறையைத் தேர்ந்தேன். ஒன்பது இரவு போட்டேன். பத்தாம் நாள் காலையில் தண்ணீர் பட்டதும் உச்சி வரைக்கும் சுரீர் என்றது, நிறுத்திவிட்டேன். ஆனால் வெளுத்தது. பிடித்தும் இருந்தது. நிலைக்கண்ணாடி முன்னால் நின்று தனியாகச் சிரித்துப் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பிடித்தலை எங்கே கற்றேன் என்று பிறகு யோசித்தேன். விளம்பரத்தின்மேல் பழியைப் போடுவது எளிது. இருபது வருடமாக வாயாரச் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் அது இருக்கிறது என்பதைத்தான் ஒப்புக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது.

தமிழில் நகை என்றால் சிரிப்பு. நகை என்றால் பல். நகை என்றால் முத்து. நகை என்றால் கழுத்திலும் காதிலும் போடுவது. முறுவலுக்கும் மூரலுக்கும்கூடச் சிரிப்பு, பல் என்று இரண்டு பொருளும் அகராதியில் உண்டு. ஒரு சொல்லுக்குள் இவ்வளவையும் வைத்திருக்கிறதே நம் மொழி என்று மாணவிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதே சொல் எனக்கு ஒரு பேரக் கணக்காகத் தெரிகிறது. சிரிப்பு பல்லாகி, பல் முத்தாகி, முத்து சீராகிவிடும் பாதை அந்தச் சொல்லுக்குள்ளேயே போடப்பட்டிருக்கிறது.

சங்கப் பாடல்களில் பல்லுக்கு அதிகம் வரும் சொல் எயிறு. பன்றிக்கும் பாம்புக்கும் புலிக்கும் அதே சொல்தான். கடிக்கிற பல். பெண்ணுக்கு வரும்போதும் முதலில் முள்ளெயிறு, கூரெயிறு என்று அதன் கூர்மை சொல்லப்படுகிறது. கூடவே வாலெயிறும் வருகிறது. வால் என்றால் வெண்மை. முல்லை அரும்பு வருகிறது. ஐங்குறுநூற்றில் ஒரு பாட்டு, இளம்பெண் ஒருத்தியின் பல்லைச் சொல்லக் கொற்கைத் துறையின் முத்தைக் கொண்டுவருகிறது. கொற்கை முத்து கடல் கடந்து விலைபோன சரக்கு. உவமை சொன்னவன் அழகைத்தான் நினைத்திருப்பான், ஆனால் அவன் கையில் அகப்பட்டது ஏற்றுமதிப் பண்டம். முள் மெல்ல மெல்லப் பின்னால் போய், முத்து முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பிற்காலக் கேசாதிபாதங்களில் பெண்ணின் பல் எதையும் கடிப்பதில்லை.

குறளுக்கு வருவோம். நலம்புனைந்துரைத்தலில் அவள் பல் முத்து. அடுத்த அதிகாரமான காதற் சிறப்புரைத்தல், அவளது வெண்பல்லில் ஊறிய நீர் பாலும் தேனும் கலந்ததுபோல என்று தொடங்குகிறது. இவற்றை நான் ரசித்துத்தான் நடத்துகிறேன். பேராண்மை பேசும் உரைகளைவிட இந்த வாய்நீர் எனக்கு எவ்வளவோ நெருக்கம். என்னை நிறுத்தியது குறிப்பறிவுறுத்தலில் வரும் இன்னொரு குறள். மொட்டுக்குள் மணம் இருப்பதுபோல அவளது சிரிப்பின் மொட்டுக்குள் ஏதோ இருக்கிறது என்கிறான் தலைவன். சிரிப்பு மொட்டாக இருக்கும்வரைதான் அது கவிதை. பல் வெளுப்பாக இருக்க வேண்டும், அது வெளியே தெரியவும் கூடாது. இந்த இரண்டு கட்டளையையும் ஒரே வாய் எப்படி நிறைவேற்றும் என்று நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைக்கிறது. அது பிறக்க நான்கு காரணம் சொல்கிறது. இளமை, பேதைமை, மடன் ஆகிய மூன்றையும் நம் பாட்டுடைத் தலைவிகளுக்கு வாரி வழங்கிவிட்டார்கள். எஞ்சிய ஒன்று எள்ளல். இலக்கணத்தில் முதலில் நிற்பது அதுதான். பெண் எள்ளிச் சிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்கள் இவை. பாஞ்சாலி சிரித்ததால்தான் பாரதப் போரே வந்தது என்று திண்ணையில் கிடக்கிறவர்கூடச் சொல்வார். பகடை உருட்டியவனையும் சேலையைப் பிடித்து இழுத்தவனையும் விட்டுவிட்டுச் சிரித்தவளைப் பிடித்துக்கொள்வார்கள். பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு என்பதும் அங்கே விளைந்த பழமொழிதான். இரண்டுமே சுருட்டி வைத்தால்தான் காரம் போகாது.

இப்படியெல்லாம் யோசிக்க வைத்தது என் பல் இல்லை. என் மாணவி ஒருத்தியின் பல்.

எங்கள் கல்லூரிக்குச் செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். மாவட்ட எல்லை தாண்டி ஊத்தங்கரை, அரூர்ப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். அப்படி வந்தவள் அவள். முதல் வருடம் முழுக்க அவள் வாயை நான் பார்த்ததில்லை. பேசும்போது இடது கை தானாக மேலே போய்விடும். சிரிப்பு வந்தால் துப்பட்டா. நல்ல குரல், நல்ல வாசிப்பு. ஆண்டு விழாவுக்குத் தொகுத்துப் பேச ஆள் தேடியபோது, அவளை விட்டுவிட்டு வேறொரு பெண்ணைப் போட்டேன். கையை வைத்துக்கொண்டு பேசுவதால் ழகரம் அடைபடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கையை எடுத்துக் காட்டினாள். மேல்வரிசை முன்பற்களில் குறுக்காகப் பழுப்புக் கோடுகள், இரண்டு இடத்தில் சின்னக் குழி. "எங்க ஊர்ல எல்லாருக்கும் இதே பல்லுதாம்மா. ஊருக்குள்ள இருந்த வரைக்கும் இது ஒரு குறைன்னே தெரியல. இங்க பஸ் ஏறி வந்த பிறகுதான் தெரிஞ்சுது" என்றாள்.

அதற்குப் பெயர் ஃப்ளோரோசிஸ். பால்பல்லுக்கு அடியில் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், குடிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்தால் எனாமல் சரியாக இறுகாது. நுண்துளைகளோடு வெளியே வரும் பல்லில் பிறகு பழுப்பு ஏறும். கடுமையாக இருந்தால் குழி விழும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃப்ளோரைடு இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஃப்ளோரைடு எலும்பையே முறுக்கிவிடும் என்பதை 1937இலேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் மருத்துவர்கள் கண்டு எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இது காலங்காலமாக இருக்கிறது. பாறைக்குள் இருப்பது ஆழ்துளை வழியாக மேலே வருகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தடுப்பும் சேர்ந்திருக்கிறது. ஜப்பான் கடனுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தண்ணீர் விட்டார்கள். அந்த வருடம் அவளுக்கு ஒன்பது வயது. முன்பற்களின் எனாமல் அதற்கு வெகுமுன்பே உருவாகி முடிந்துவிட்டது. "தங்கச்சிக்குப் பரவால்லம்மா. அவ பொறந்தப்ப கொழா வந்துடுச்சு" என்றாள். ஒரே வீட்டில் அக்கா பல்லுக்கும் தங்கை பல்லுக்கும் நடுவே ஒரு அரசாங்கக் கோப்பு கிடக்கிறது.

அண்ணனுக்கும் அதே பல்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை இருக்கிறது. அவன் பல்லை யாரும் கேட்கவில்லை.

இவளைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லை தாண்டி இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். காப்பித் தட்டோடு வந்து நின்றவளிடம் மாப்பிள்ளையின் அம்மா, "சிரிச்ச மாதிரி முகத்தை வெச்சிக்கயேம்மா" என்றிருக்கிறார். அவள் உதட்டை மூடிக்கொண்டே சிரித்திருக்கிறாள். "நல்லாச் சிரி" என்று மறுபடியும் சொல்லியிருக்கிறார். சிரித்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, பெண்ணைப் பிடித்திருக்கிறது, பல்லை மட்டும் சரி பண்ணிவிட்டால் மேற்கொண்டு பேசலாம் என்றிருக்கிறார்.

தீபத் திருவிழாவின்போது எங்கள் ஊரில் மாட்டுச் சந்தை கூடும். சின்ன வயதில் மாமாவோடு போயிருக்கிறேன். மாட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டும்தான் முன்பற்கள், மொத்தம் எட்டு. அவை இரண்டிரண்டாக விழுந்து முளைப்பதை வைத்து வயதைச் சொல்வார்கள். பல்லு போடாதது, ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு. எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்துவிட்டது என்பார்கள். அதற்குமேல் விலை ஏறாது. தரகர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து உதட்டைக் கீழே இழுப்பார், வாங்குகிறவர் குனிந்து பார்ப்பார். பிறகு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்துப் பேரம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பெரியவர்கள் சொல்வது அந்தச் சந்தையை அறிந்துதான். விலை கொடுக்கிறவன் பார்க்கலாம், தானமாக வாங்குகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. பெண்ணைக் கொடுப்பதைக் கன்னிகாதானம் என்கிறார்கள். தானமாகவும் வாங்கிக்கொண்டு பல்லையும் பிடித்துப் பார்க்கும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

தரகர் வந்துபோன பிறகு அவளுக்கு நடந்தவற்றை அவளே வரிசையாகச் சொன்னாள். முதலில் எலுமிச்சம்பழமும் சோடா உப்பும். கைப்பேசியில் பார்த்துப் பதினைந்து நாள் தேய்த்திருக்கிறாள். எலுமிச்சையின் அமிலம் எனாமலைக் கரைக்கும், கரைந்த எனாமல் திரும்ப வளராது. ஏற்கெனவே இறுகாத பல் அவளுடையது. காற்றுப் பட்டாலே கூச ஆரம்பித்துவிட்டது. அடுத்து கரிப் பற்பசை. எங்கள் ஆயா காலத்தில் கரியும் சாம்பலும் செங்கல் தூளும் இல்லாதவர்களின் பல்பொடி. நான் பள்ளிக்கூடம் போன எம்.ஜி.ஆர். காலத்தில் பிள்ளைகளுக்கு அரசே இலவசமாகப் பற்பொடி கொடுத்தது, இந்தக் கரியிலிருந்து எங்களை மீட்கத்தான் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ரோஜா நிறக் கோபால் பல்பொடியை எடுத்து வெளியே வைப்பார்கள். இப்போது அதே கரி கறுப்புக் குழாயில் அடைபட்டு, பேஸ்ட்டைவிடக் கூடுதல் விலைக்கு வருகிறது. கரி பல்லை வெளுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை, தேய்க்கும் என்பதுதான் கவலை.

பிறகுதான் மருத்துவர். என் மருத்துவர் இல்லை, வேறொருவர். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ப்ளீச் மட்டும் செய்தால் இதற்குப் போதாது, முதலில் வெள்ளைத் திட்டுகள் இன்னும் எடுப்பாகத் தெரியலாம் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அமிலமும் தேய்ப்பானும் கலந்த களிம்பால் மேற்பரப்பை மெல்லியதாக எடுக்கலாம், அது பழுப்பைக் குறைக்கும், குழியைத் தூர்க்காது. முழுதாக மறைக்க வேண்டுமானால் பல்லின் முன்பக்கத்தைச் சீவிப் பீங்கான் தகடு ஒட்ட வேண்டும். சீவியது சீவியதுதான். சில வருடங்கள் கழித்துத் தகடு பெயர்ந்தால் மறுபடி ஒட்ட வேண்டும், ஆயுள் முழுக்க. ஆறு பல்லுக்கு அவர் சொன்ன தொகை அவள் அப்பாவின் இரண்டு போக நெல்லுக்குமேல்.

அப்பா அதைத் தரகரிடம் சொல்லியிருக்கிறார். தரகர் போய்ப் பேசிவிட்டு வந்து, பல் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், கூட மூன்று பவுன் போட்டுவிடுங்கள் என்றிருக்கிறார். அப்பா இரண்டு கணக்கையும் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, பவுனே மேல், அவசரத்துக்கு அடகாவது வைக்கலாம் என்றாராம்.

நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நகை என்ற சொல்லுக்குப் பதினைந்து வருடமாக நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட பொருள்களை அந்த மனிதர் ஒரு துண்டுத்தாளில் கூட்டிக் கழித்துவிட்டார்.

2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாற்றிக்கொண்டது. தோலை வெளுப்பாக்குகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்ல இப்போது கம்பெனிக்காரர்களுக்கே கூச்சமாக இருக்கிறது. பெண்ணியம் பேசும் நாமும் அதில் பங்கு கோரலாம். பல்லுக்கு அந்தக் கூச்சம் வரவில்லை. வெளுப்பு என்று பெட்டிமேல் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பல்லின் வெண்மையை நாம் சுத்தம் என்று வாசித்துப் பழகிவிட்டோம். சுத்தம் நல்லதுதானே என்று வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் என் மாணவியின் பல் சுத்தமான பல். வருடக்கணக்காக, ஒரு நாளைக்கு மூன்று வேளை விளக்கப்படும் பல்.

வெண்பல் எப்போதும் மணப்பெண்ணின் அடையாளமாகவும் இருந்ததில்லை. ஆண்டாள் திருப்பாவையில் வைகறையில் கோயிலுக்குப் போகும் தவசிகளைக் காட்டுகிறாள். செங்கல் பொடி நிறத்தில் உடை, வெளுத்த பல். வெற்றிலை போடாத துறவிகள் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். வாய் சிவந்திருப்பது வாழ்கிறவர்களின் அடையாளம். சுமங்கலிக்குத் தாம்பூலம் உண்டு, கைம்பெண்ணுக்கு மறுப்பார்கள். அந்தக் கணக்குப்படி வெள்ளைப் பல் துறந்தவருக்கும் இழந்தவளுக்கும் உரியது. ஜப்பானில் கல்யாணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வார்கள், கறுத்த பல்தான் அங்கே அழகு. 1870இல் அரசு அதைப் பிரபுக் குடும்பங்களுக்குத் தடைசெய்தது. நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. பல்லைப் பார்த்துப் பெண்ணின் கணக்கை முடிக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. எங்கள் ஊரிலோ இன்னும் வேடிக்கை. காவி உடுத்தியவரைக் கண்டால் கிரிவலப் பாதையில் கும்பிடுகிறோம், பல்லில் காவி ஏறினால் மருத்துவரிடம் ஓடுகிறோம்.

என் ஆயாவுக்கு முப்பது வயதில் தாத்தா போய்விட்டார். விசேஷ வீடுகளில் வெற்றிலைத் தட்டு அவளைத் தாண்டிப் போகும். "தட்டுல வெக்கலன்னா என்னா, என் சுருக்குப்பையில இருக்குது" என்பாள். நாற்று நடவில் நாள் முழுக்க மென்றுகொண்டிருப்பாள். சிரித்தால் வாய் முழுக்கச் சிவப்பு, பற்கள் கறுப்பு, அதைக் கையால் மூடி நான் பார்த்ததே இல்லை. ஆயாவைக் காட்டி நான் வெற்றிலைக்குப் பரணி பாட மாட்டேன். கன்னத்தில் ஆறாத புண் வந்துதான் அவள் செத்தாள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்திருக்கிறது. புகையிலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் மூடாத அந்த வாயை எனக்கு நினைக்கப் பிடித்திருக்கிறது.

என் பாடத்திட்டத்தில் ஒரே ஒரு பெண்ணின் பல்தான் இந்தச் சந்தைக்கு வெளியே நிற்கிறது. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம், முதல் பாட்டு. ஒரு பெண்பேயை அடி முடியாக வருணிக்கிறார். வற்றிய முலை, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு, நீண்டு வெளியே வந்த இரண்டு பல். இவற்றோடு நடுவில் வெண்பல்லும் இருக்கிறது. இத்தனை வருடம் அந்த ஒரு சொல்லைத் தாண்டியே போயிருக்கிறேன். பேய் வருணனை, பயங்கரத்துக்கு ஒரு வெள்ளை என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன்.

இப்போது வேறுமாதிரி வாசிக்கிறேன். பெண்ணை உறுப்பு உறுப்பாகச் சொல்லும் அதே வருணனை முறையை அம்மையார் எடுக்கிறார். முலை, கண், பல், வயிறு என்று புலவர்கள் நின்ற இடங்களில் எல்லாம் தானும் நின்று, ஒவ்வொன்றையும் எவனும் பெண் பார்க்க வர முடியாததாக ஆக்குகிறார். பல்லின் வெண்மையை மட்டும் விட்டுவைக்கிறார். சதை வற்றினால் பல் எடுப்பாகத் தெரியும் என்பது உடற்கூறு. அதற்குமேல் ஒன்றும் எனக்குப் படுகிறது. புலவர்கள் முத்தென்று கொண்டுபோன பல்லை அவர் திரும்ப எயிறாக்குகிறார், கடிக்கிற பல்லாக. கணவனுக்காகச் சுமந்த சதையைக் கழற்றிவிடக் கேட்டவர் என்று பெரியபுராணம் அவரைச் சொல்கிறது. அந்தக் கழற்றலை வெறும் பக்தியாக மட்டும் பாடம் நடத்தும் நம் வழக்கம், அவர் எதைக் கழற்றினார் என்ற கேள்வியை மறைத்துவிடுகிறது. தீப விழாவின் ஆறாம் நாள் அறுபத்துமூவர் வீதியுலா வரும். பள்ளிப் பிள்ளைகள் நாயன்மார்களைத் தூக்கிக்கொண்டு மாட வீதியில் வருவார்கள். நிற்கும் நாயன்மார்களுக்கு நடுவே அம்மையார் உட்கார்ந்திருப்பார். போன வருடம் நான் கூட்டத்தில் இடித்துக்கொண்டு போய் அவர் வாயைத்தான் பார்த்தேன். பூமாலை மறைத்திருந்தது.

இதை வகுப்பில் சொன்னபோது அவள் முதல் வரிசையில் இருந்தாள். கை வாயில்தான் இருந்தது. பேய் ஆவது எளிதில்லை. அம்மையாருக்கு ஆலங்காடு இருந்தது. இவள் ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே நான் அவளிடம் பல்லைச் சரிசெய்யாதே என்று சொல்லவில்லை. ஒன்பது இரவு உறை மாட்டிக்கொண்ட வாயால் அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? கூச்சத்துக்குப் பற்பசை வாங்கிக்கொடுத்தேன். எலுமிச்சையை நிறுத்தச் சொன்னேன். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த செலவில் பார்ப்பார்கள், உனக்காக வேண்டுமானால் போ, அவர்களுக்காகச் சீவிக்கொள்ளாதே என்றேன். அவள் தலையாட்டினாள். மூன்று பவுன் பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை. அப்பா நாள் கேட்டிருக்கிறார், மாப்பிள்ளை வீட்டார் ஐந்து என்கிறார்களாம்.

இந்த ஆண்டு விழாவுக்குத் தொகுத்துப் பேச அவளைப் போட்டேன். முதலில் மாட்டேன் என்றாள். பிறகு ஒருநாள் தானாகவே வந்து, எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்டாள். மேடையில் தாங்கி உடைந்துபோயிருந்தது, மைக்கைக் கையில்தான் பிடிக்க வேண்டும். வலது கையில் மைக், இடது கையில் நிகழ்ச்சி நிரல். வாயை மூட அவளுக்குக் கை இல்லை. இரண்டு மணி நேரம் பேசினாள். பின்வரிசைப் பையன்கள் யாரோ ஏதோ சொன்னார்கள், ஒரு சிரிப்பலை எழுந்தது. அவள் ஒரு கணம் நிறுத்தி, அவர்களைப் பார்த்து, வாய் திறந்தே ஏதோ பதில் சொன்னாள். மைக் கிறீச்சிட்டதில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பையன்கள் அடங்கிவிட்டார்கள்.

மூன்று இடத்தில் ழகரம் பிசகியது. மறுநாள் அவளைக் கூப்பிட்டு அந்த மூன்று இடத்தையும் சொல்லித் திரும்ப வாசிக்கச் சொன்னேன்.